பதினேழு சென்டிமீட்டர்

ஒரு தேசத்தின் ஆன்மா அதன் ரயில் பிளாட்பாரங்களில்தான் நின்றுகொண்டிருக்கிறது என்று தலைவர் இஞ்சினியர் ஷெபெஸ்தா அறிவித்தபோது, யாவொரின் ஊரின் மாதிரி ரயில் சங்கத்தின் பொதுக்குழு முழுவதும் எழுந்து நின்றது. பொதுக்குழு என்றால் ஒன்பது பேர். ஒன்பது பேரில் எட்டுப் பேர் காலில் வீட்டுச் செருப்பு. ஆன்மாவின் நீளத்தையும் தலைவரே அறிவித்தார்: எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கினால் இரண்டு மீட்டர் ஏழு சென்டிமீட்டர். அறையில் இருந்த இடமோ ஒரு மீட்டர் தொண்ணூறு. மீதிப் பதினேழு சென்டிமீட்டரில் சங்கத்தின் பியர் ஃபிரிட்ஜ் நின்றுகொண்டிருந்தது. அதை நகர்த்தலாம் என்று போன மாதமே ஒரு தீர்மானம் வந்தது. அறையில் நல்ல நிலையில் இருக்கும் ஒரே பிளக் அந்த மூலையில்தான் என்பதால், ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அது தோற்றுப்போனது. ஆகவே தேசம்தான் சுருங்க வேண்டும்.

வீட்டுச் செருப்பு போடாத ஒன்பதாவது ஆள் அலோய்ஸ் குபாத். சங்க விதிகளில் செருப்பு முதல் விதி. சங்கத்தின் நோக்கங்கள் என்ன என்பது மூன்றாவது விதி. தெருத்தூசி தண்டவாளத்தில் படிந்தால் இன்ஜின் இருமும் என்பார்கள். கதவருகே ஒரு அலமாரி, அதில் ஒவ்வொருவர் பெயருக்கும் கீழே ஒரு ஜோடி கம்பளிச் செருப்பு. அலோய்ஸுக்கு மட்டும் விலக்கு. பளபளவென்று துடைத்த கறுப்பு பூட்ஸின் மேல் ஆஸ்பத்திரியில் கொடுக்கிற நீல பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருபோதும் டியூட்டியிலிருந்து இறங்குவதில்லை, அதன் அடையாளம்தான் அந்த பூட்ஸ் என்று தலைவர் ஒரு முறை கண் கலங்கச் சொல்லியிருந்தார். வீட்டுக்குள்ளும் பூட்ஸோடு திரிகிற மனிதனுக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டதாக அலோய்ஸின் மனைவி யாவொரின் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். காரணம் அவளுக்கும் தெரியாது.

கூட்டம் நடந்த அறை ஒரு காலத்தில் அலோய்ஸின் ஆபீஸ். இப்போது ஸ்டேஷனில் மாஸ்டர் இல்லை. எங்கோ தொலைவில் இருந்து யாரோ பித்தானை அழுத்த ரயில்கள் வந்து போகின்றன. பழைய பிளாட்பாரங்களை வழித்தெடுத்துவிட்டு சிமெண்டில் ஒன்றே ஒன்று கட்டியிருக்கிறார்கள். காலியான ஆபீஸைச் சங்கம் வாடகைக்கு எடுத்தது. இந்த ஜன்னலுக்கு வெளியே ஒரு காலத்தில் இருந்ததை, இந்த ஜன்னலுக்கு உள்ளே சிறியதாகக் கட்டி வைப்பது என்று முடிவாயிற்று. எந்த வருஷம் என்ற கேள்வி வந்தபோது 1979 பிப்ரவரி என்றார் தலைவர். சங்கத்திடம் இருந்த நல்ல டீசல் இன்ஜின் மாதிரிக்கு அந்த வருஷம்தான் பொருந்தியது. எந்த நேரம் என்றபோது காலை ஐந்து ஐம்பத்திரண்டு என்றார். இரண்டு பயணி ரயில்கள் யாவொரினில் ஒன்றையொன்று கடந்துபோகிற ஒரே நேரம் அதுதான் என்று பழைய அட்டவணையில் கண்டுபிடித்திருந்தார். பிளாட்பாரத்தில் ஆட்களும் இருப்பார்கள், பார்க்கக் களையாக இருக்கும்.

இஞ்சினியர் ஷெபெஸ்தா வெளியூர்க்காரர். பால் பவுடர் ஆலையிலிருந்து ஓய்வு பெற்று இங்கே வந்து ஆறு வருஷம்தான் ஆகிறது. விஷயம் தெரிந்த மூன்று பேர் இருமினார்கள். இருமலை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டு அவர் நோட்டில் எழுதினார்.

விஷயம் இவ்வளவுதான். 1979 பிப்ரவரியில் ஒரு நாள், காலை ஐந்து ஐம்பத்திரண்டுக்கு, கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஹெத்விகா என்ற இருபத்தாறு வயதுப் பெண் இரண்டாம் லைனில் வந்த ரயிலில் அடிபட்டுச் செத்துப்போனாள். அவள் ஏற வேண்டியதும் அதே ரயில்தான். அதற்குப் போக முதல் லைனைத் தாண்ட வேண்டும். தாண்டுவதற்கு ஆபீஸ் வாசலிலிருந்து இடப்பக்கம் கொஞ்ச தூரத்தில் மரப்பலகை பதித்த ஒரு பாதை உண்டு. அவள் கிடந்ததோ அங்கே இல்லை. இடக்கோடியில், பிளாட்பாரம் முடிந்து வெறும் சரளைக்கல் தொடங்குகிற இடத்தில், ஸ்டேஷன் கழிப்பறைக்கு எதிரே கிடந்தாள். முதல் லைன் ரயில், இன்ஜின் நிற்க வேண்டிய வலக்கோடிக் கம்பத்தருகே ஒழுங்காக நின்றிருந்தது, பலகைப் பாதை திறந்தே இருந்தது, இறந்தவர் அறியப்படாத காரணத்தால் அதைத் தவிர்த்துவிட்டார் என்று விசாரணைக் கமிஷன் எழுதியது. யாவொரினில் எந்தக் காரணமும் நெடுநாள் அறியப்படாமல் இருப்பதில்லை. ஒரு வாரத்துக்கு ‘யாரோ ஆளைப் பார்க்கப் போனாள்’ என்றார்கள். பிறகு ‘சிறுநீர் முட்டிக்கொண்டு ஓடினாள்’ என்பதில் ஊர் ஒருமனதாக நிலைகொண்டது. மதுக்கடையில் யாராவது அவசரமாக எழுந்து பின்கட்டுக்குப் போனால், ‘மெதுவாப் போ, ஹெத்விகா’ என்பார்கள். அந்தப் பெயருக்கு ஒரு முகம் இருந்தது என்பதே தெரியாத பிள்ளைகளும் இப்போது அப்படிச் சொல்கிறார்கள்.

அவளுடைய அக்கா பிளாஷெனா இந்த அறையிலேயே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். எழுபத்து நாலு வயது, நெற்றியில் பூதக்கண்ணாடிப் பட்டை, கையில் ஒரே மயிர் கொண்ட தூரிகை. சங்கத்தின் பொம்மைகளுக்கெல்லாம் பெயிண்ட் அடிப்பவர். இரண்டு சென்டிமீட்டர் உயர மனிதனுக்கு மூன்று கோட்டுப் பித்தானும் ஒரு மீசையும் வரைந்துவிடுவார். மூன்று வருஷத்துக்கு முன் யாரும் அழைக்காமல் ஒரு பையில் தன் செருப்போடு வந்து சேர்ந்தார். அந்தக் காலத்தில் இந்த ஸ்டேஷனின் துப்புரவுப் பணியாளர். அலோய்ஸும் அவரும் மூன்று வருஷமாக ஒரே அறையில் உட்கார்ந்து வானிலையைத் தவிர வேறு எதையும் பேசியதில்லை.

அன்றைக்குத் திட்ட வரைபடத்தை முடித்து, ‘1979 பிப்ரவரியில் உண்மையில் இருந்தபடி’ என்று அடியில் எழுதி, வரலாற்றுச் சாட்சி என்ற இடத்தில் அலோய்ஸ் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. அச்சடித்த தண்டவாளத் தாள்களை ஒட்டி ஒட்டித் தரை முழுக்க ஸ்டேஷன் விரிந்து கிடந்தது. வயரிங் வேலைக்காரர் லுபோர், நாற்பத்தைந்து வயதானாலும் சங்கத்தின் இளைஞரணி, தானிய டப்பா அட்டையில் வெட்டிய ஒரு இன்ஜினையும் நாலு பெட்டிகளையும் முதல் லைனில் வரிசையாக அடுக்கினார். வலக்கோடியில் ஃபிரிட்ஜ் வந்துவிட்டதால் கம்பம் பதினேழு சென்டிமீட்டர் உள்ளே வந்தது. கம்பம் வந்ததால் இன்ஜின் பின்னால் வந்தது. இன்ஜின் வந்ததால் கடைசிப் பெட்டி போய்ப் பலகைப் பாதையின் மேல் உட்கார்ந்துகொண்டது.

“இஞ்சினியர் சார், இதுல ஜனங்க ரெண்டாம் லைனுக்கு எப்படிப் போவாங்க? பெட்டிக்கு அடியிலயா?” என்று கேட்டார் லுபோர்.

தலைவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். நிஜத்தில் எப்படி இருந்தது என்று கேட்க, இங்கே உயிரோடு ஒரு ஆவணமே உட்கார்ந்திருக்கிறதே என்றார். ஏழு முகங்கள் அலோய்ஸ் பக்கம் திரும்பின. எட்டாவது முகம் மட்டும் திரும்பவில்லை என்பதை அவர் கவனித்தார்.

நிஜத்தில் ரயில் கம்பத்தருகே நிற்கவில்லை. பனிக்காக வேகத்தைக் குறைக்கச் சொல்லும் எச்சரிக்கைச் சீட்டு ஒன்றை அன்று டிரைவர் கையில் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கு மாஸ்டர் கம்பம் வரை தொண்ணூறு மீட்டர் நடந்து போக வேண்டும். கணுக்கால் வரை ஈரப் பனி. அலோய்ஸ் ஆபீஸ் வாசலிலேயே நின்று சிவப்பு விளக்கைக் காட்டி இன்ஜினைத் தன் மூக்குக்கு முன்னால் நிறுத்திக்கொண்டார். ரயிலின் மற்ற உடம்பெல்லாம் இடப்பக்கம் நீண்டு, பலகைப் பாதையை மூடி, பிளாட்பாரத்தையும் தாண்டி, வால் போய்க் கழிப்பறைக்கு எதிரே நின்றது. தாமதமாக ஓடிவந்தவளுக்குத் தாண்ட வேறு வழி இல்லை. வாலைச் சுற்றிக்கொண்டு போனாள். விதிப்படி கம்பத்தில் நிறுத்தாத குற்றம் டிரைவருக்கும் உண்டு. ரயில் கம்பத்தருகேதான் நின்றது என்ற ஒரே வாக்கியத்தை இருவரும் கமிஷனிடம் சொன்னார்கள். டிரைவர் செத்துப் பத்து வருஷமாகிறது. அந்த வாக்கியத்துக்கு இப்போது அலோய்ஸ் மட்டும்தான் வாரிசு.

“பலகையக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கலாமே. ஒரு சாண் அளவு. யாருக்கும் தெரியப்போறதில்ல” என்றார் அலோய்ஸ்.

“வால் கழிப்பறைக்கு நேரா இருந்துச்சு” என்றார் பிளாஷெனா. தலையைத் தூக்கவில்லை. கையிலிருந்த பொம்மையின் தொப்பிக்குச் சிவப்பு வைத்துக்கொண்டிருந்தார்.

யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். தலைவர் மட்டும் உற்சாகமாக, கழிப்பறை திட்டத்திலேயே இல்லை அம்மா, அழகியல் உபகுழு போன கூட்டத்திலேயே அதை நீக்கிவிட்டது, மேயர் வந்து பார்க்கிற பொருளில் மூத்திரக் கொட்டகை எதற்கு என்று விளக்கினார். அழகியல் உபகுழு என்பதும் அவரேதான். பன்னிரண்டு மணி அடித்தது. ஞாயிற்றுக்கிழமை, எதிர்க்கடையில் குலாஷ் கறிக்குழம்பு பன்னிரண்டரைக்கெல்லாம் தீர்ந்துவிடும். உண்மையை முக்கால் மணி நேரம் ஒத்திவைப்பதாகத் தீர்மானித்து எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிளம்பினார்கள். பசியில்லை, வரைபடத்தை இன்னொரு முறை பார்க்கிறேன் என்று அலோய்ஸ் உட்கார்ந்துகொண்டார். பிளாஷெனாவும் எழுந்திருக்கவில்லை.

தூரிகையை டர்ப்பன்டைனில் அலசும் சத்தம் மட்டும் கேட்டது. இந்த ஜன்னல், இந்த அடுப்பு மூலை. அடுப்பு இருந்த இடத்தில் இப்போது ஃபிரிட்ஜ். அன்று கமிஷன்காரர்கள் மூன்று பேர் பூட்ஸோடு உள்ளே வந்து தரையெல்லாம் சேறாக்கியதை அலோய்ஸ் நினைத்துக்கொண்டார். அதற்கு முன்பே அவர் தன் பூட்ஸை மாட்டி, போய்ப் பனியில் கம்பம் வரை நடந்து, திரும்பி நடந்து வந்திருந்தார், காலடித் தடம் இருக்கட்டும் என்று.

“பூட்ஸ் நல்லா மின்னுது, மாஸ்டர்” என்றார் பிளாஷெனா.

அலோய்ஸ் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

“அன்னிக்குக் கால்ல பூட்ஸ் இல்ல” என்றார் பிளாஷெனா.

அலோய்ஸ் தரையில் விரிந்து கிடந்த தாளைப் பார்த்தார்.

“நான் டிக்கெட் ஜன்னல் பக்கம் வாளியோட நின்னுக்கிட்டு இருந்தேன். எல்லாத்தையும் பாத்தேன். ஏன் சொல்லலன்னு கேக்க மாட்டீங்களா?” கொஞ்சம் காத்திருந்துவிட்டுத் தானே சொன்னார். “அஞ்சு மணிக்கு இந்தத் தரைய நான்தான் தொடச்சேன். நீங்க வெளியேருந்து பூட்ஸோட வந்தீங்க. கழட்டுய்யா, இப்பத்தான தொடச்சேன்னு கத்துனேன். நீங்களும் கழட்டிட்டீங்க. கத்தாம இருந்திருந்தா பூட்ஸோட இருந்திருப்பீங்க. கம்பம் வரைக்கும் நடந்திருப்பீங்க. அவ பலகை மேல போயிருப்பா.” தூரிகையைத் துணியில் துடைத்தார். “எங்கம்மா கிட்டகூடச் சொல்லல. என் தங்கச்சிய நான் தொடப்பத்தாலயே கொன்னுட்டேன்னு எப்படிச் சொல்றது?”

அலோய்ஸுக்கு அவர் கத்தியது ஞாபகமே இல்லை. அவருக்கு ஞாபகம் இருந்தது வேறு. ஒவ்வொரு ஷிப்டிலும், தரை ஈரமோ இல்லையோ, உள்ளே வந்த நிமிஷமே பூட்ஸை உதைத்துத் தள்ளிவிட்டு அடுப்பின் மேல் காய்கிற செருப்புக்குள் காலை நுழைத்துக்கொள்வார். சிவப்புத் தொப்பி, பித்தான் போட்ட கோட்டு, கீழே வீட்டுச் செருப்பு. வெளியிலிருந்து பார்க்கிற பயணிக்கு இடுப்புக்கு மேலே மட்டும் தெரியும் ரயில்வே. நிறைய குளிர்காலக் காலைகளில் அவர் அப்படித்தான் இன்ஜினை வாசலுக்கே வரவழைத்திருக்கிறார். பிளாஷெனா கத்தியிருந்தாலும் அதேதான், கத்தாமல் இருந்திருந்தாலும் அதேதான். இதைச் சொல்ல ஒரு மூச்சு போதும். ‘உங்களால இல்லம்மா, நான் எப்பவுமே அப்படித்தான்.’ வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொன்னால், இந்த அம்மாளை நாற்பது வருஷமாக வாய் திறக்கவிடாமல் வைத்திருந்த ஒரே பூட்டும் கழன்றுவிடும் என்ற எண்ணமும் கூடவே வந்தது. அலோய்ஸ் எச்சில் விழுங்கினார். வாக்கியமும் உள்ளே போனது.

“இப்ப என்ன செய்யணும்ங்கறீங்க?” என்றார்.

“ஒண்ணும் வேணாம். யாருக்கும் எதுவும் சொல்ல வேணாம். கையெழுத்துப் போடறப்போ ரயில் இருந்த எடத்துல இருக்கட்டும். பாக்கறவங்க பாத்துக்கட்டும், பொம்பளைக்கு வழி இல்லாமத்தான் சுத்திப் போனான்னு. ஒண்ணுக்குப் போகலன்னு தெரிஞ்சாப் போதும் மாஸ்டர்.”

அலோய்ஸ் தரையில் மண்டியிட்டார். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன. அட்டை இன்ஜினின் மேல் ஒரு விரலை வைத்து மெல்ல இடப்பக்கம் தள்ளினார். பெட்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நகர்ந்தன. ஆபீஸ் வாசலுக்கு நேராக இன்ஜின் வந்தது. இரண்டாம், மூன்றாம் பெட்டிகள் பலகைப் பாதையைக் கடந்து போயின. கடைசிப் பெட்டி தாளைத் தாண்டி, வெறும் தரையில், நாற்காலிக் காலுக்கு அடியில் போய் நின்றது. இவ்வளவு தூரமா என்று அவருக்கே தோன்றியது. நாற்பது வருஷத்தில் அது அவர் மனதுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, பலகைக்குச் சற்று அந்தப் பக்கம் என்ற அளவுக்கு வந்திருந்தது. பிளாஷெனா பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

வாசலில் பேச்சுக் குரல். குலாஷ் தீர்ந்துபோய் சாசேஜ்தான் கிடைத்தது என்ற வருத்தத்தோடு எல்லோரும் திரும்பி வந்து, வரிசையாகச் செருப்பு மாட்டிக்கொண்டார்கள். லுபோர்தான் முதலில் பார்த்தார்.

“என்ன மாஸ்டரே, ரயில் ஊரை விட்டே ஓடுது?”

தலைவர் வந்து நின்றார். இது வரலாற்று நிலையா என்று கேட்டார். கேள்வியில் உண்மையான மரியாதை இருந்தது. அலோய்ஸ் இன்னும் மண்டியிட்ட நிலையில்தான் இருந்தார். பார்க்கிறவர்களுக்கு ஜெபிக்கிற மாதிரி இருந்திருக்கும். ஜன்னலோரம் பிளாஷெனா கையில் பெயிண்ட் குப்பியை மூடாமல் பிடித்திருந்தார்.

“இல்ல. சும்மா அளந்து பாத்தேன்” என்றார் அலோய்ஸ்.

குப்பியின் மூடி திருகி மூடப்படும் சத்தம் கேட்டது.

இஞ்சினியர் ஷெபெஸ்தாவுக்கு அந்த நொடியில்தான் ஞானம் பிறந்தது. தாளுக்கு வெளியே தரையில் கிடந்த கடைசிப் பெட்டியைக் குனிந்து எடுத்தார். அதை எல்லோருக்கும் காட்டினார். கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். மூன்று பெட்டி ரயிலைக் கம்பத்தருகே தள்ளி வைத்தார். வால் பலகைப் பாதைக்கு முன்பே நின்றது. பாதை திறந்து கிடந்தது. ஃபிரிட்ஜ் இருந்த இடத்திலேயே இருந்தது. கைதட்டினார்கள். இந்த முறைக்கு மாதிரி ரயில் உலகில் ‘தேர்ந்தெடுத்த சுருக்கம்’ என்று பெயர், உண்மையின் சாரத்தைக் காப்பாற்றிக்கொண்டு அளவை மட்டும் குறைப்பது என்று தலைவர் விளக்கினார். பேனா வந்தது. ‘உண்மையில் இருந்தபடி’ என்ற வரிக்குக் கீழே அலோய்ஸ் குபாத் என்று எழுதி, பழைய பழக்கத்தில் நேரத்தையும் குறித்தார். அவர் நிமிர்ந்தபோது ஜன்னலோர நாற்காலி காலியாக இருந்தது. அலமாரியில் பிளாஷெனாவின் செருப்பு ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது.

அதற்குப் பிறகும் பிளாஷெனா வந்தார். மற்றவர்கள் வராத வார நாட்களில் மட்டும். சாவியை லுபோரிடமிருந்து வாங்கிக்கொள்வார். இருபத்து மூன்று பயணிகள், ஒரு போர்ட்டர், ஒரு நாய், ஒரு ஸ்டேஷன் மாஸ்டர், எல்லாவற்றையும் முடித்துத் தானே இடம் பார்த்து ஒட்டினார். மாஸ்டர் பொம்மையை மட்டும் திட்டத்தில் குறித்தபடி கம்பத்தருகே ஒட்டாமல் ஆபீஸ் வாசலில் ஒட்டிவிட்டார் என்று தலைவர் குறைபட்டார். பிய்க்கப் பார்த்தார்கள். எந்தப் பசையோ, பிளாட்பாரமே பெயர்ந்து வரும்போல் இருந்தது. போகட்டும், வாசலில் நிற்பதும் கம்பீரம்தான் என்று விட்டுவிட்டார்கள்.

மே மாதம் திறப்பு விழா. தீயணைப்புப் படையின் வாத்தியக் குழு வெளியே வாசித்தது. மேயர், பழைய கோட்டைகளைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுப்பதுபோன்ற பெரிய கம்பளி உறைகளைக் காலில் கட்டிக்கொண்டு சறுக்கிச் சறுக்கி உள்ளே வந்து நாடாவை வெட்டினார். கசகசா வைத்த கொலாச் ரொட்டித் தட்டு சுற்றி வந்தது. அட்டைக்குப் பதில் இப்போது நிஜமான மாதிரி இன்ஜின், பின்னால் மூன்று பெட்டி, மாவுப் பனி. சங்கிலியில் கட்டிய ஒரு பூதக்கண்ணாடியை மேசை விளிம்பில் வைத்திருந்தார்கள். பித்தான்களைக்கூட எண்ணலாம் என்று தலைவர் ஒவ்வொருவரிடமும் சொன்னார். மேயர் எண்ணினார். மூன்று என்று அறிவித்தார். இருமியவர்கள் மூன்று பேரும் தங்கள் முறைக்குப் பார்த்துவிட்டு, ரொட்டித் தட்டுப் பக்கம் போனார்கள். பிளாஷெனா வரவில்லை. இடுப்பு வலி என்று லுபோர் சொன்னார்.

அலோய்ஸ் கடைசி வரை தள்ளியே நின்றார். யாவொரின் நிலையத்தின் கௌரவ மாஸ்டர் என்ற பித்தளைத் தகடு அவர் கையில் இருந்தது. மேயர் இப்போதுதான் கொடுத்திருந்தார்.

“மாஸ்டரே, இங்க வாங்க. உங்களையே நீங்க இன்னும் பாக்கலியே” என்று கூப்பிட்ட லுபோர் கண்ணாடியை நீட்டினார். முகத்தில் ஒரு சிரிப்பு, காரணம் புரியாத சிரிப்பு. “மீசை அப்படியே இருக்கு. பூட்ஸுக்கு மட்டும் அக்காவுக்குக் கறுப்புப் பெயிண்ட் தீந்துபோச்சுபோல.”

அலோய்ஸ் தகட்டை மேசை விளிம்பில் வைத்துவிட்டுக் குனிந்தார். மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. சட்டைக் கையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஆபீஸ் வாசல். மாவுப் பனி. சிவப்புத் தொப்பி, கருநீலக் கோட்டு, மூன்று பித்தான், கையில் அரிசி அளவு வெள்ளைச் சீட்டு. காலில் பழுப்பு நிறக் கட்டம் போட்ட வீட்டுச் செருப்பு. இடது செருப்பின் நுனியில் ஊசி முனையளவு இளஞ்சிவப்பு.

அன்றைக்கு அவர் காலில் இருந்த அந்தச் செருப்பில், பெருவிரல் பக்கம், ஒரு ஓட்டை இருந்தது.